பேரைச் சொல்லி பந்தை எறி

முதல் நாள் காலையில் முப்பது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "ஒவ்வொருத்தரா பேரு, ஊரு, வகுப்பு சொல்லுங்க" என்பதுதான் முகாம்களின் வழக்கம். கால் மணி நேரம் போகும். முடிந்ததும் ஒரு பிள்ளையை எழுப்பி, "உனக்கு முன்னாடி சொன்னது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிக்கும்.

பிள்ளைமேல் குற்றமில்லை. தன் முறை நெருங்க நெருங்க, மனம் உள்ளே ஒத்திகையில் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வதா மலையாளத்தில் சொல்வதா என்ற குழப்பம் வேறு. பக்கத்துப் பிள்ளையின் பேர் காதில் விழும், மனதில் பதியாது. வட்டமாக உட்கார்ந்து வரிசையாகச் சொற்களை வாசித்தவர்களிடம் உளவியலாளர் பிரென்னர் 1973இல் இதைச் சோதித்துக் காட்டினார்: தன் முறைக்குச் சற்றுமுன் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் அதிகம் மறந்துபோயின.

வரிசையை உடைத்தால் ஒத்திகையும் உடையும். அதற்கு ஒரு பந்து போதும். 'பேரு', 'பந்து' இரண்டும் இரு மொழிக்கும் பொது என்பது நம் எல்லையில் கூடுதல் வசதி.

முப்பது பேரைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் பத்துப் பேர் நின்றால் வட்டத்தின் குறுக்களவு மூன்று மீட்டர் சொச்சம். சின்னக் கைக்கும் எட்டும். பந்து வைத்திருப்பவள் எதிரே ஒருவனைப் பார்த்து, "உன் பேரென்ன?" என்கிறாள். "விஷ்ணு." அவள் "விஷ்ணு!" என்று திருப்பிச் சொன்ன பிறகே எறிகிறாள், கீழ்க்கையாக. வாங்கி எறிந்தவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் யாருக்கும் இரண்டு தடவை போகாது. பத்தாவது ஆள் முதல் ஆளுக்கே எறிவார். அடுத்த சுற்றுகளிலும் அதே வரிசைதான், ஆனால் பேரைக் கேட்கக் கூடாது, நினைவிலிருந்து எடுக்க வேண்டும். சும்மா காதில் விழுவதைவிட இப்படித் தேடி எடுப்பதுதான் பேரை நிலைக்க வைக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறந்துவிடாதீர்கள். ஆடிக்காற்று முழுக்க ஓயாத ஓண விடுமுறையில் பிளாஸ்டிக் பந்து பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போய்விடும். பழந்துணியைச் சுருட்டிச் சணலால் இறுக்கிக் கட்டிய பந்து நேராகப் போகும், முகத்தில் பட்டாலும் வலிக்காது.

ஒரே வட்டத்தில் மூன்று விஷ்ணு இருந்தால்? பிடித்த தின்பண்டத்தைச் சேர்த்துவிடுங்கள்: புட்டு விஷ்ணு, முறுக்கு விஷ்ணு. இதிலும் விஷயம் இருக்கிறது. பேக்கர் (ரொட்டி சுடுபவர்) என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவரின் தொழிலாகச் சொன்னால் நினைவில் நிற்கிறது, பெயராகச் சொன்னால் நழுவுகிறது என்று 1987இல் உளவியலாளர் மெக்வீனியும் சகாக்களும் காட்டினார்கள். தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை எல்லாம் கூடவே வரும். வெறும் பேருக்கு அப்படி ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. புட்டு அந்த வேலையைச் செய்கிறது.

மூன்று சுற்று சரளமாக ஓடியதும் இரண்டாவது பந்தை விடுங்கள். பத்துப் பேருக்கு மூன்று பந்துக்கு மேல் வேண்டாம். பந்துகள் மோதிக்கொள்ளும், பேரும் வெறும் கூச்சலாகிவிடும். பெரும்பாலும் கெடுவது வேறோர் இடத்தில்: அவசரத்தில் முதலில் எறிந்துவிட்டுப் பிறகு பேரைச் சொல்வார்கள். அப்போது நினைவுக்கு வேலையே இல்லை, கை மட்டும் பழகுகிறது. அப்படி வந்த பந்தை வாங்காமல் கீழே விடச் சொல்லுங்கள், தானாகச் சரியாகும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. நின்ற இடத்திலேயே நின்றால் பிள்ளைகள் பேரை விட்டுவிட்டுத் திசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசிலடித்து எல்லாரையும் இடம் மாற்றி, அதே வரிசையில் எறியச் சொன்னால் யாருக்குப் பேர் தெரியும் என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும்.

முப்பது பேரில் 435 ஜோடிகள். மூன்று வட்டத்திலும் சேர்த்து முதல் நாள் அறிமுகமாவது 135 ஜோடி. மிச்சம் 300ஐக் குறைக்க, மறுநாள் ஒவ்வொரு பழைய வட்டத்திலிருந்தும் மூன்று நான்கு பேராக எடுத்துப் புது வட்டம் போடுங்கள். காலைப் பலகாரத்துக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். புட்டும் கடலையும் உள்ளே போனபின் யாரும் குனிந்து பந்து பொறுக்கமாட்டார்கள்.