கிராம்ப்டன்: சொல்லும் பொருளும்

கிராம்ப்டன் என்பது, எரியறைக்குப் (கொதிகலனைச் சூடாக்கும் நெருப்பு எரியும் அறை) பின்னால் ஒற்றை இயக்கு அச்சைக் (நீராவியின் விசையால் சுழலும் சக்கர அச்சு) கொண்ட நீராவி உந்துபொறி வகையின் பெயர். தாமஸ் ரசல் கிராம்ப்டன் (1816–1888) என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1840களின் தொடக்கத்தில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தாய்நாட்டைவிட பிரான்சும் ஜெர்மானிய அரசுகளுமே அதைப் பெரிதும் ஏற்றுக்கொண்டன. பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் ‘கிராம்ப்டனைப் பிடிப்பது’ என்றாலே விரைவு ரயிலில் போவது என்று பொருளாகும் அளவுக்கு ஆட்பெயர் பொதுப்பெயராயிற்று.

வேகத்துக்குப் பெரிய சக்கரம் வேண்டும். அதன் அச்சு கொதிகலனின் அடியில் சென்றால் கொதிகலனை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் வண்டி கவிழும் என்று அக்காலப் பொறியாளர்கள் உறுதியாக நம்பினர். அச்சையே எரியறைக்குப் பின்னால் தள்ளிவிட்டால் சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் கொதிகலன் தாழ்வாகவே இருக்கும் என்பதே கிராம்ப்டனின் விடை. உயரமான கொதிகலனும் பத்திரமாக ஓடும் என்பதைப் பிற்காலம் காட்டியது. ஆயினும் இந்த விடையின் தெளிவு இன்றும் வியக்கத்தக்கது.

இதை நன்கு பயன்படுத்திய அரசு இரயில்வேகளுள் தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த பாடன் பெருங்கோமக அரசின் இரயில்வே ஒன்று. 1840இல் மான்ஹைம்–ஹைடல்பெர்க் இடையே 1,600 மி.மீ. அகலப் பாதையில் தொடங்கிய அது, 1850களின் நடுவில் அண்டை நாடுகளின் அளவுக்குப் பாதையை மாற்றியபோது, கார்ல்ஸ்ரூஹ நகரிலேயே கட்டப்பட்ட கிராம்ப்டன்களைச் சேர்த்துக்கொண்டது. சமதளமான ரைன் பள்ளத்தாக்கில், எடை குறைந்த விரைவு வண்டிகளுக்கு அவை பொருந்தின. 1863இல் கட்டப்பட்ட ‘ஃபீனிக்ஸ்’ நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இயக்கு சக்கரங்களின் விட்டம் 2 மீட்டருக்கு மேல்; ஓட்டுநர் நிற்கும் மேடையின் இருபுறமும் அவை எழுந்து நிற்க, முன்னால் தாழ்ந்த கொதிகலன் சிறு சக்கரங்களின் மேல் நீண்டு கிடக்கிறது. எடையின் பெரும்பகுதியை அச்சிறு சக்கரங்களே தாங்கியதால் இயக்கு சக்கரங்களுக்குப் பிடிப்பு போதாமல், புறப்படும்போது வழுக்கின. வண்டிகளின் எடை கூடக்கூட, இணைத்த இயக்கு சக்கரங்கள் கொண்ட பொறிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

தமிழில் இதை ‘விரைவு எஞ்சின்’ எனலாகாது. அது பயனைச் சொல்கிறது, அமைப்பைச் சொல்லவில்லை. ‘பின்னச்சு உந்துபொறி’ என்பதும் போதாது. பிலடெல்பியாவில் வில்லியம் நாரிஸ் கட்டி, 1830களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்த பொறிகளிலும் இயக்கு அச்சு பின்னால்தான் இருந்தது. ஆனால் அது எரியறைக்கு முன்னால் அமைந்தது. முன்சக்கரம் நான்கு, இயக்கு சக்கரம் இரண்டு, பின்சக்கரம் இல்லை என்று சக்கரங்களை மட்டும் எண்ணும் 4-2-0 என்ற குறியீடு இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டிவிடும். வேறுபாடு எரியறையைப் பொறுத்தது என்பதால் ‘எரியறைப் பின்னச்சு உந்துபொறி’ என்பதே பொருந்தும் தமிழாக்கம். எரியறையைக் குறிக்கும் ‘ஃபயர்பாக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நேரடியாகத் ‘தீப்பெட்டி’ என்று பெயர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். அச்சொல் நம் வீடுகளில் வேறொரு பொருளுக்கு உரியது. முதலில் இத்தொடரைத் தந்து பொருளை நிறுவிய பின், ஆட்பெயர் வழி வந்த சொல்லாகையால் ‘கிராம்ப்டன்’ என்றே தொடர்ந்து எழுதலாம்.