ஓட்டல் ஃப்ரைடு ரைஸின் ருசி அடுப்பில் இருக்கிறது

அதே பாஸ்மதி, அதே சோயா சாஸ், அதே முட்டைக்கோஸ் போட்டுச் செய்தாலும் வீட்டு ஃப்ரைடு ரைஸ் ஓட்டலில் கிடைப்பது மாதிரி வருவதில்லை. ஓட்டலில் அஜினோமோட்டோ போடுகிறார்கள், அதனால்தான் என்பார்கள். அஜினோமோட்டோ நாக்கில் சுவையைக் கூட்டும், அவ்வளவுதான். லேசான புகை மணத்தையும், ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் சோற்றையும் அதனால் தர முடியாது. இரண்டும் சூட்டிலிருந்து வருபவை. இன்னும் சரியாகச் சொன்னால், உணவிலுள்ள தண்ணீரை எவ்வளவு வேகமாக விரட்டுகிறோம் என்பதிலிருந்து வருபவை. தந்தூரில் சுட்ட நானுக்கும், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி பீட்சாவுக்கும், முறுகலான தோசைக்கும் இதே கணக்குதான். வெளியே சாப்பிடப் போனால் வீட்டு அடுப்பால் முடியாததைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கிற காசுக்கு அதுதான் நியாயம்.

முதலில் தண்ணீர். உணவின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடியில் எவ்வளவு தீ எரிந்தாலும் அந்த வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஆனால் வறுத்த மணமும் பொன்னிறமும் வருவதற்கு அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து வினைபுரிய வேண்டும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீய் மயாரின் பெயரால் இதை மயார் வினை என்கிறோம். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் இது விறுவிறுவென நடக்கும். ஈரம் போகாமல் அந்தச் சூட்டை எட்ட முடியாது. ஈரம் மெதுவாகப் போனாலோ, மேலே நிறம் வருவதற்குள் உள்ளே குழைந்துவிடும், அல்லது காய்ந்து தோலாகிவிடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் ஏறக்குறைய 2 கிலோவாட். அதில் பாதி வெப்பம் சட்டிக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கான கோஸ், கேரட், பீன்ஸிலிருந்து 100 கிராம் தண்ணீர் கசிகிறது. கொதிநிலையில் இருக்கும் 100 கிராம் தண்ணீரை முழுக்க ஆவியாக்க சுமார் 226 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் என்ற வேகத்தில் இதற்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் காய் வெந்து இன்னும் தண்ணீர் விடும். கடைசியில் சட்டியில் நடப்பது வதக்கல் அல்ல, அவியல்.

சீன உணவகங்களில் வோக் சட்டிக்கென்றே இருக்கும் அடுப்புகள் 30 கிலோவாட் அளவுக்கு எரிபவை. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சட்டிக்குள் போகிறது என்று வைத்தாலும் 6 கிலோவாட். அதே 100 கிராம் தண்ணீர் 40 விநாடிக்குள் போய்விடும். காயின் உட்புறம் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும்போதே வெளிப்புறம் வறுபட்டுவிடுகிறது. நம் ஊர் சைனீஸ் மாஸ்டர்கள் வைத்திருக்கும் ஹை பிரஷர் பர்னர் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு வாயுவைக் குடிக்கும். வீட்டு ரெகுலேட்டர் வாயுவை மிகக் குறைந்த அழுத்தத்துக்குத் தணித்துத்தான் விடுகிறது. எனவே அதே சிலிண்டரில் பெரிய பர்னரை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. அது ஆபத்தும்கூட.

இவ்வளவு தீயில் சோறு கருகாமல் இருப்பது எப்படி? மாஸ்டரின் கையைக் கவனித்தால் தெரியும். சட்டியை அவர் முழுதாகத் தூக்குவதில்லை. அடுப்பின் விளிம்பில் முட்டுக்கொடுத்து முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறார், கூடவே விளிம்பை அச்சாக வைத்து ஏற்றம்போல மேலும் கீழும் ஆட்டுகிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் சமையற்காரர்களைப் படம்பிடித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டு அசைவுகளும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் மூன்று முறை நடப்பதைக் காட்டியது. ஒவ்வொரு வீச்சிலும் சோறு சட்டியை விட்டுக் காற்றில் எழுகிறது, கொஞ்சம் ஆறுகிறது, ஆவியை விடுகிறது, மறுபடி சுடும் இரும்பில் விழுகிறது. எந்தப் பருக்கையும் ஒரே இடத்தில் கருகும் அளவுக்கு நிற்பதில்லை.

புகை மணம் இந்த வீச்சிலிருந்துதான் பிறக்கிறது. தென் சீனாவின் கான்டனீஸ் சமையலில் வோக் ஹே என்று கொண்டாடப்படும் மணம் அது. சோறோடு மேலே எழும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் சட்டியின் விளிம்பைத் தாண்டி வரும் தீயில் பற்றி எரிந்து, அந்த மணத்தோடு திரும்பச் சோற்றில் விழுகின்றன. சோயா சாஸையும் நல்ல மாஸ்டர் சோற்றின் மேல் ஊற்றமாட்டார். பக்கவாட்டில் கொதிக்கும் இரும்பில் சுற்றி விடுவார். தொட்ட கணத்தில் அதிலுள்ள தண்ணீர் பறந்து சர்க்கரையும் புரதமும் கருகத் தொடங்கும். சோற்றின் மேல் ஊற்றினால் நிறம் மட்டும்தான் ஏறும்.

சோற்றையும் முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகும், மேற்பரப்பும் உலரும். இதனால்தான் முக்கால் பதத்துக்கு மேல் கொஞ்சம் வேகவைத்து, வடித்து, அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஆறவைக்கிறார்கள். சூடாகவே சட்டியில் போட்டால் பருக்கை உடைந்து கூழாகும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம். நான்கு பேர் போனால் நான்கு பிளேட்டையும் ஒரே சட்டியில் போட்டுவிடுவார்கள். சட்டி நிரம்பினால் எவ்வளவு பெரிய பர்னரும் திணறும். முதலில் இரண்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னும் இரண்டு என்று சொல்லுங்கள். வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். வீட்டில் செய்தாலும் இதே விதிதான்: ஒருமுறைக்கு ஒரு பிளேட், அதாவது 200 கிராம் சோறு. கழுவிய காயைத் துணியில் ஒற்றி எடுங்கள். நான்ஸ்டிக்கை விட்டுவிட்டு இரும்புச் சட்டியை லேசாகப் புகை வரும்வரை காய வையுங்கள். காயைத் தனியாக வதக்கி எடுத்துவிட்டுப் பிறகு சோற்றைப் போடுங்கள். ஓட்டல் மணம் முழுதாக வராது, ஆனால் குழையாது.

மண் அடுப்பு ஏன்?

தந்தூரும் நேப்பிள்ஸ் பீட்சா அடுப்பும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவை. ஒன்று குழி போல நிற்கிறது, மற்றது குகை போலக் கிடக்கிறது. ஆனால் இரண்டிலும் மாவைத் தொடுவது சுட்ட மண். அந்த மண்தான் விஷயமே.

இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டதும், தொடும் இடத்தின் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். எங்கே என்பதைத் தீர்மானிப்பது எந்தப் பொருள் வெப்பத்தை வேகமாகக் கைமாற்றுகிறது என்பது. இரும்பு மிக வேகமாகத் தரும், செங்கல் நிதானமாகத் தரும். இயற்பியலர்கள் ஆந்திரே வர்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ், உணவு மானிடவியலர் செர்ஜியோ கிராஸோ மூவரும் 2018இல் பீட்சாவுக்கே இந்தக் கணக்கைப் போட்டார்கள். 330 டிகிரி சூட்டிலுள்ள செங்கல் தரையில் பீட்சாவை வைத்தால் அடிப்பக்கம் தொடும் இடம் சுமார் 200 டிகிரிதான் ஆகிறது. அதே 330 டிகிரியில் எஃகுத் தட்டு இருந்தால் சுமார் 300 டிகிரி ஆகிவிடும். மேலே பாலாடைக்கட்டி உருகுவதற்குள் அடி கரியாகிவிடும். எஃகுத் தட்டில் சுட வேண்டுமென்றால் அடுப்பை 230 டிகிரி அளவுக்குக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் மேலிருந்து வரும் கதிர்வீச்சு வெப்பமும் குறைந்து, நேரம் நீளும். மாவு அதற்குள் உலர்ந்து பிஸ்கட்டுக்கு நெருக்கமாகிறது.

நேப்பிள்ஸ் முறை இன்னும் தீவிரமானது. 1984இல் தொடங்கப்பட்ட உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்தின் விதிப்படி, 400 டிகிரிக்கு மேல் தகிக்கும் விறகடுப்பில் பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வர வேண்டும். அதனால்தான் ஓரம் உப்பி, புள்ளிபுள்ளியாகக் கருகி, உள்ளே மெத்தென்று இருக்கும். மெஷின் பெல்ட்டில் ஊர்ந்து, சூடான காற்று அடிக்க, 250 டிகிரி அளவில் ஐந்தாறு நிமிடம் வேகும் பீட்சா வேறு ஜாதி. அது மோசம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கேற்ப மாவு கனமாகவும் எண்ணெய் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் விறகடுப்புக் கடைக்குப் போய் எட்டு வகை டாப்பிங் கேட்பது வீண். காளான், குடைமிளகாய், அன்னாசி எல்லாமே பெரும்பாலும் தண்ணீர். 90 விநாடியில் அவ்வளவு தண்ணீரும் போகாது, நடுவில் குளம் கட்டும். விஷயம் தெரிந்தவர் அப்படிப்பட்ட பீட்சாவைக் நீண்ட கரண்டியால் அடுப்பின் தரையிலிருந்து தூக்கி, அடுப்புக் கூரையின் தகிப்பில் இன்னும் அரை நிமிடம் பிடித்துக் காட்டுவார். அடி கருகாமல் மேல்பக்கம் வேகும். கடையின் அடுப்பு எப்படி என்று அறிய, டாப்பிங் அதிகமில்லாத மார்கரிட்டா ஒன்று போதும்.

தந்தூருக்கு வருவோம். நானின் ஒரு பக்கத்தில் தண்ணீர் தடவி, துணித் திண்டின் மேல் விரித்து, சுவரில் அறைகிறார் மாஸ்டர். ஈரமான பக்கம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். சுவர் 300 டிகிரியை ஒட்டி இருக்கும். மாவின் உட்புறத்தில் தண்ணீர் ஆவியாகும்போது ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 1,700 மில்லிலிட்டராக விரிகிறது. கொப்புளங்கள் அதனால்தான். சுவர்ப் பக்கம் தட்டையாகச் சிவக்கும். வெளிப்பக்கம் கரியின் கதிர்வீச்சும் சூடான காற்றும் பட்டு, கொப்புளத்தின் உச்சி மட்டும் கருகும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். சூடு போதாத சுவரில் நான் சரியாக ஒட்டாமல் வழுக்கிக் கரியில் விழும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஒட்டினால் அந்த இடம் ஆறிப்போகும், அதனால் மாஸ்டர் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

தட்டுக்கு வந்த நானைப் பார்த்தே அடுப்பைச் சொல்லிவிடலாம். வெளுப்பும் கருப்புப் புள்ளியும் கலந்து, பிய்த்தால் இழுபட்டு வந்தால் சூடு சரி. முழுக்க ஒரே மங்கல் பழுப்பாக, விளிம்பு விறைத்திருந்தால் குறைந்த சூட்டில் நேரமெடுத்து வெந்தது என்று அர்த்தம். மதியம் கடை திறந்தவுடனே போவதைவிட, கூட்டம் நிறைந்த இரவு எட்டரை மணிக்குத் தந்தூர் நன்றாகத் தகித்திருக்கும்.

தந்தூரி சிக்கனை இரண்டு தவணையாகச் சுடுகிறார்கள். முதலில் எட்டுப் பத்து நிமிடம். பிறகு கம்பியோடு வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, வெண்ணெய் தடவி, மறுபடி மூன்று நான்கு நிமிடம். நடுவில் விடும் இந்த ஓய்வு சோம்பேறித்தனம் அல்ல. வெளிப்பக்கச் சூடு எலும்புவரை இறங்க நேரம் கிடைக்கிறது, தயிர் மசாலாவின் நீரும் வடிகிறது. இரண்டாம் முறை உலர்ந்த மேற்பரப்பு சட்டென்று சிவக்கும். எலும்போரம் சதை இன்னும் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். உள்சூடு 74 டிகிரியை எட்டினால்தான் கோழி பாதுகாப்பு.

தோசைக்கல் இதற்கு நேர் எதிர். அது இரும்பு, வெப்பத்தை வாரிக் கொடுக்கும். ஓட்டல் கல் தடிமனாக இருப்பதால் அடுத்தடுத்து மாவு ஊற்றினாலும் ஆறாது, ஆனால் எளிதில் அளவு மீறிக் காயும். மாவிலுள்ள மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டி இறுகிவிடுவதால், கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு தொட்டதுமே பிடித்துக்கொண்டு, தேய்க்கும் கரண்டியோடு சுருண்டு வரும். ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்ப்பது கல்லைச் சுத்தம் செய்ய மட்டுமல்ல, சூட்டைத் தணிக்கவும்தான். தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடினால் கல் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் ஆவிப் படலம் உண்டாவதால் வரும் ஓட்டம் அது. 1756இல் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ரோஸ்டின் பெயரால் வழங்குகிறது. உஸ்ஸென்று சீறி உடனே மறைந்தால் மாவு ஊற்றலாம்.

பார்சல் கட்டினால்

விரட்டிய தண்ணீர் திரும்பி வருவதுதான் பார்சலின் கதை. முறுகலான பக்கத்தில் ஈரம் மிகக் குறைவு, உள்ளே நிறைய. மூடிய டப்பாவில் ஆவி வெளியே போக வழியில்லாமல், மூடியில் படிந்து மறுபடி முறுகலான பக்கத்துக்கே சேர்கிறது. முறுகல் தோசை பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். பீட்சாவுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி கொஞ்சம் உதவும். நானை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றாமல் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். இருப்பதிலேயே பயணத்தைத் தாங்குவது ஃப்ரைடு ரைஸ்தான்.

மிஞ்சிய நானைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 4 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகுகிறது. ஒருநாள் வெளியே மூடி வைக்கலாம், அல்லது நேராக ஃப்ரீஸரில் போடலாம். தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சூடாக்கினால், 60 டிகிரி தாண்டியதும் இறுகியது இளகும். அப்போதே சாப்பிட வேண்டும், இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

மிஞ்சிய ஃப்ரைடு ரைஸைப் பிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆறவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். ராத்திரி முழுக்க மேஜைமேல் கிடந்த பார்சலை, மணம் நன்றாகவே இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.