'தலை ஸ்கேன் நார்மல்' என்றால் கண் நரம்பும் நார்மலா?

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. காலையில் எழுந்தபோது வலது கண்ணில் பார்வை இல்லை. கண்ணில் வலியும் இல்லை. மகன் ஒரு ஸ்கேன் கவரை நீட்டினார். "தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னு எழுதியிருக்காங்க."

படங்களைப் போட்டுப் பார்த்தேன். மூளையைப் பொறுத்தவரை எழுதியது சரிதான். ஆனால் பார்வை நரம்பு இரண்டே படங்களில்தான் வந்திருந்தது. அதுவும் சுற்றியிருக்கும் கொழுப்பின் வெளிச்சத்தில் அமுங்கிப்போயிருந்தது.

எம்ஆர்ஐ படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இந்த 'நார்மல்' என்ற சொல்லை நம்பிச் சிலர் நாள் கடத்திவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பார்வை நரம்பு 3, 4 மில்லிமீட்டர் தடிமன்தான். வழக்கமான மூளை ஸ்கேனில் படமாகும் ஒவ்வொரு துண்டுமே சுமார் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதில் இந்த நரம்பு எங்கே பிடிபடும்? கண்குழிக்கென்று தனியாக, 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக, கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்து, பாதிப்பைப் பளிச்சென்று காட்டும் காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்க வேண்டும். கூடவே டிஃப்யூஷன் படமும் வேண்டும். மூளையில் பக்கவாதத்தைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் அதே படம்தான் அது.

இப்படித் திடீரென்று பார்வை போக ஒரு காரணம், பார்வை நரம்புக்கு ரத்தம் குறைவது. அதில் நாங்கள் அதிகம் பார்க்கும் சாதாரண வகை, சர்க்கரை, பிபி, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது போன்றவை இருப்பவர்களுக்கு வருவது. இதில் கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பு எம்ஆர்ஐயில் பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். அப்புறம் எதற்கு ஸ்கேன்? வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். நரம்பு அழற்சியாக இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஊசி மருந்தை வாங்கி நரம்பு பளிச்சென்று தெரியும். நரம்பை அழுத்தும் கட்டி, பலூன்போல உப்பிய ரத்தக்குழாய், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தக்கசிவு எல்லாம் இதில் பிடிபடும். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் கண் டாக்டர் ஸ்கேனே வேண்டாம் என்பார். அதுவும் சரியான முடிவுதான்.

அந்த அம்மாவுக்கு வருவோம். "சாப்பிடும்போது தாடை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாய் மென்னாலே தாடை ஓஞ்சு போகுதுய்யா. பல்லுன்னு நெனச்சுப் பல் டாக்டர்கிட்ட போனேன். இப்ப தலை சீவவும் முடியல, சீப்பு பட்டாலே நெத்திப்பொட்டு வலிக்குது."

உடனே கண் டாக்டரை போனில் பிடித்தேன். ஜெயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ், அதாவது ரத்தக்குழாய்ச் சுவரே வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய். ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும். நம் ஊரில் அபூர்வம், அதனாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. விட்டால் சில நாட்களிலேயே அடுத்த கண்ணும் போகலாம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலையே ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். ஸ்கேன் மறுநாள்தான். இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் எம்ஆர்ஐக்காக மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது. ஓரிரு வாரத்துக்குள் பயாப்ஸி, அதாவது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால், ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் நோய் பெரும்பாலும் தெரியும்.

மறுநாள் படத்தில் விழியின் பின்சுவரில், நரம்பு தொடங்கும் இடத்தின் நடுவே கடுகளவு வெள்ளைப் புள்ளி. நரம்பின் உறையும் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் சுவரும் ஊசி மருந்தை வாங்கித் தடித்துத் தெரிந்தன. சர்க்கரை, பிபியோடு வரும் சாதாரண வகையில் இப்படிச் சேர்ந்து வருவது அரிது. பிறகு பயாப்ஸியும் அதையே சொன்னது. வலது கண் திரும்பவில்லை. இடது கண் தப்பியது.

இன்னொரு வகை நரம்பின் பின்பகுதியைத் தாக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. குப்புறப் படுக்கவைத்து நீண்ட நேரம் நடக்கும் முதுகெலும்பு ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போனால் இது வரலாம். கரும்பூஞ்சை தாக்கினாலும் வரலாம். 2021 மே மாதம் தமிழக அரசு கரும்பூஞ்சையை அறிவிக்க வேண்டிய நோயாக்கியதே, அந்த நாட்களை மறக்க முடியாது. டிஃப்யூஷன் படத்தில் நரம்பு வெள்ளையாக எரியும். பக்கத்தில் மூக்குச் சதை ஊசி மருந்தை வாங்காமல் கறுத்துக் கிடக்கும். ரத்தக்குழாயைப் பூஞ்சை அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்கேனுக்கு வருபவர்கள் சீட்டில் 'மூளை' என்று மட்டும் இருந்தால், 'கண்குழியும் சேர்த்து' என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தக் கண், எப்போதிலிருந்து என்பதும் அதில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மெஷின் அறைக்குள் நுழையும் முன்பே. கண் மையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வாருங்கள், சில மைகளில் இரும்புத் துகள் இருப்பதால் கண்ணருகே படம் கோணிப்போகும். உள்ளே படுத்ததும் இமையை மூடிக்கொண்டு, நேர் எதிரே பார்ப்பதுபோல விழியை அசையாமல் வைத்திருங்கள். மூடிய இமைக்குள் விழி உருண்டாலும் அந்த மெல்லிய நரம்பு கலங்கிவிடும்.