போத்தலின் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும் மச்சம்

போன வருடம் நல்லூர்த் திருவிழா முடிந்த அடுத்த கிழமை, வலிகாமத்தில் இருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். அறுபது வயது கடந்தவர். நீரிழிவு வந்து பத்து வருடத்துக்கு மேல். வீட்டில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, முட்டை, சமைக்கும் பழக்கமே இல்லை. மீன் வாங்கும் அயல்வீட்டுக்காரர் சுளகு கேட்டால்கூட கழுவித் தரும்படி சொல்லித்தான் கொடுப்பாராம். இரத்தச் சீனி ஏறியிருந்ததால் வைத்தியர் அவரை உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பியிருந்தார்.

இரண்டு கிழமையாக என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று நான் யாரிடமும் கேட்பது வழக்கம். குடித்ததைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்த அம்மா மறக்கவில்லை. பையில் இருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். லண்டனில் இருந்து திருவிழாவுக்கு வந்த மருமகள் கொண்டுவந்த ஸ்ட்ரோபரிப் பாகு. தண்ணீரில் கலந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து, விரதம் முடிக்கும்போது தானும் ஒரு கிளாஸ் குடித்திருக்கிறார்.

சீனி எவ்வளவு என்று பார்க்கத்தான் போத்தலைத் திருப்பினேன். எழுத்து அவ்வளவு சிறியது. போன் கமெராவில் பெரிதாக்கித்தான் வாசிக்க முடிந்தது. நிறமூட்டி என்ற இடத்தில் ஈ 120 என்று இருந்தது.

சொல்லாமல் விடவும் என்னால் முடியவில்லை. இது ஒரு பூச்சியில் இருந்து எடுக்கிற சிவப்பு, அம்மா என்றேன்.

“உதில என்ன மச்சம் பிள்ளை? ஸ்ட்ரோபரிப் படம் எல்லே போட்டுக் கிடக்கு” என்றார். பிறகு போத்தலை மேசையில் இருந்து எடுத்துக் கீழே, கதிரைக் காலோரம் வைத்தார். “திருவிழா முழுக்க இதைத்தான் குடிச்சனான்” என்று மெதுவாகச் சொன்னார்.

அவரை ஏமாற்ற யாரும் நினைக்கவில்லை. மருமகள் அன்போடு கொண்டுவந்தது அது. லேபலிலும் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று இலக்கம் என்ன சொல்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு ஐரோப்பாவில் இடும் இலக்கம் ஈ, உலக அளவில் இடும் இலக்கம் ஐஎன்எஸ். ஈ 120 என்பதும் ஐஎன்எஸ் 120 என்பதும் ஒன்றுதான். கார்மைன், கொச்சினீல், நச்சுரல் ரெட் 4 என்ற பெயர்களிலும் வரும். தென் அமெரிக்காவில், அதிகமாகப் பெரு நாட்டில், சப்பாத்திக்கள்ளியில் வளர்க்கும் ஒரு செதில் பூச்சியின் பெண் பூச்சிகளைச் சேர்த்து, காயவைத்து, அரைத்து எடுப்பது. ஒரு இறாத்தல் உலர்ந்த பூச்சி சேர ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும்.

இது எங்கோ தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் கடற்கரைப் பக்கம் நாகதாளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் சில இடங்களில் இருக்கும். நான் படிக்கிற காலத்தில் ஒரு முறை அந்தப் பஞ்சை ஈர்க்கால் தட்டி எடுத்துக் கடதாசியில் நசுக்கிப் பார்த்தேன். இரத்தம்போல் கருஞ்சிவப்பாக ஊறியது. அது அந்தப் பெரு நாட்டுப் பூச்சியின் உறவு. 19ஆம் நூற்றாண்டில், பெருகிப்போன கள்ளியை அழிக்கவென்று இந்தியாவில் இருந்து இலங்கைக்கு இந்த இனப் பூச்சியொன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தச் சிவப்பைக் கடதாசியில் பார்த்தவர்களுக்கு ஈ 120 வெறும் இலக்கமாகத் தெரியாது.

2012இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் ஸ்ட்ரோபரிப் பானத்தில் இந்தச் சாயம் சேர்ப்பது வெளியே வந்தபோது, பால், தேன்கூடத் தொடாத வீகன் ஆட்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனம் அதைக் கைவிட்டு, தக்காளியில் இருந்து எடுக்கும் லைகோபீன் என்ற சிவப்புச் சாயத்துக்கு மாறியது. கேட்டால் மாற்றுகிறார்கள் என்பதற்கு இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன்.

கார்மைனைச் சைவக்காரர் மட்டும் கவனித்தால் போதும் என்றும் இல்லை. சாயத்தில் மிஞ்சி நிற்கும் பூச்சிப் புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். மூச்சு இறுகிப்போகும் அளவுக்குக்கூட. இதனால்தான் அமெரிக்காவில் 2011இல் இருந்து இந்தச் சாயத்தை அதன் பெயரைச் சொல்லியே லேபலில் எழுத வேண்டும் என்று விதி வந்தது.

இனி, பெயரில் இருக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கார்மைன் வேறு, கார்மோய்சின் வேறு. கார்மோய்சின் 122ஆம் இலக்கம். செயற்கைச் சாயம், பூச்சி இல்லை. 124ஆம் இலக்கத்துக்கு பொன்சோ 4ஆர் என்று ஒரு பெயர், ‘கொச்சினீல் ரெட் ஏ’ என்று இன்னொரு பெயர். கொச்சினீல் என்று பெயரில் இருக்கிறது, ஆனால் அதிலும் பூச்சி இல்லை. வீகன் ஆக முயற்சிக்கும் ஒரு தம்பி, 124ஐக் கண்டு பயந்து நல்ல நேரம் தப்பினேன் என்று எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினார். பூச்சிக்காகப் பயப்படத் தேவையில்லை தம்பி, ஆனால் வாங்காமல் விட்டது நல்லதுதான் என்று பதில் போட்டேன்.

ஏன் என்றால், 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், சில செயற்கைச் சாயங்களும், பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேற்றும் சேர்ந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் அமைதியின்மை கூடியது தெரிந்தது. ஆதாரம் மட்டுப்பட்டது என்றுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சொன்னது. அப்படியிருந்தும் 2010 ஜூலையில் இருந்து 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு சாயங்களில் எது சேர்த்தாலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை அங்கே போத்தலில் எழுத வேண்டும். எங்கள் கடைகளில் சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் பானங்களைத் திருப்பிப் பாருங்கள், இந்த இலக்கங்களில் ஒன்றாவது பெரும்பாலும் கண்ணில் படும். பூச்சி வேண்டாம் என்று 120ஐ விட்டு 124ஐப் பிள்ளையின் கையில் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சரி, சாயத்தை விட்டு ஜெலற்றினுக்கு வருவோம். மாட்டின், பன்றியின் தோலையும் எலும்பையும், சில வேளை மீன் தோலையும் அவித்து எடுப்பது அது. வெயிலுக்குப் பலூடா குடிக்காத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அந்தக் கிளாஸின் அடியில் நிற்கும் சிவப்பு, பச்சை ஜெலித் துண்டுகள் எதில் செய்தவை? ஒரு கடையில் கேட்டேன். சுத்த சைவம் என்றார்கள். பைக்கற்றைக் காட்ட முடியுமா என்று கேட்டபோது உள்ளே இருந்து எடுத்துவந்து காட்டினார்கள். முதல் வரியில் சீனி, இரண்டாவதில் ஜெலற்றின். கொண்டுவந்து காட்டிய பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியாது. நான் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. அந்தப் பிள்ளையும் சைவம்.

வீட்டில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு துண்டு ஜெலியைத் தட்டில் போட்டு மத்தியானம் விறாந்தையில் வையுங்கள். ஜெலற்றின் எங்கள் வெயிலுக்குத் தாங்காது. கொஞ்ச நேரத்தில் இளகித் தண்ணியாகும். நாக்கில் வைத்தாலும் தானாகக் கரையும். கடற்பாசியில் செய்த ஜெலி 80 பாகை செல்சியஸ் தாண்டினால்தான் உருகும், ஆகவே விறாந்தையில் அப்படியே இருக்கும், வாயில் கடித்துத்தான் தின்ன வேண்டும். பைக்கற் கைக்கு வராத இடத்தில் இது உதவும். பைக்கற் இருந்தால் அதை வாசிப்பதுதான் நிச்சயம்.

பானத்துக்குள்ளேயே ஜெலற்றின் வருவதும் உண்டு. ஒரேஞ் நிறத்துக்குச் சேர்க்கும் பீற்றா கரோட்டின், 160ஏ, எண்ணெயில் கரையும் பொருள், தண்ணீரோடு சேராது. அதைத் தண்ணீரில் நிற்கவைக்க நுண்ணிய துகளாக்கி ஏதாவது ஒன்றால் போர்த்துவார்கள். சில கம்பனிகள் மாப்பொருளால் போர்த்தும். சில கம்பனிகள் மீன் ஜெலற்றினால் போர்த்தியிருக்கின்றன. லேபலில் 160ஏ என்று மட்டும் இருந்தால் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அப்பிள், முந்திரிகைப் பழச்சாறுகளைக் கண்ணாடிபோல் தெளியவைக்கவும் ஜெலற்றின் போடுவதுண்டு. கலங்கலைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படியும், பிறகு வடித்துவிடுவார்கள். வடித்த பிறகு பானத்தில் இல்லை என்பதால் பல நாடுகளில் அதை எழுதத் தேவையில்லை. விற்றமின் டி3 சேர்த்த பானம் என்றால் அந்த டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு மயிரின் கொழுப்பில் இருந்து வருகிறது. கற்பாசியில் இருந்து எடுப்பதும் இப்போது உண்டு. ஒமேகா 3 சேர்த்த சாறு என்றால் மீனெண்ணெயா என்று கேளுங்கள். சில நாடுகளில் சீனியையே மாட்டெலும்புக் கரியில் வடித்து வெளுக்கிறார்கள்.

இந்தியாவில் இருந்து வரும் பானங்களில் பச்சைப் புள்ளி இருக்கும். சைவக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனால் பாலும் தேனும் சேர்ந்ததற்கும் பச்சைப் புள்ளிதான், ஆகவே வீகன் ஆட்கள் அதோடு நிற்க முடியாது.

இவ்வளவும் வாசித்துவிட்டு எல்லா இலக்கத்துக்கும் பயப்படத் தொடங்கவும் வேண்டாம். ஈ என்று தொடங்கினால் பன்றிக் கொழுப்பு என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றி வரும். அது பிழை. ஈ 300 விற்றமின் சி. ஈ 330 சிற்றிக் அமிலம், சீனிக் கரைசலில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்துச் செய்வது. ஈ 290 சோடாவில் பொங்கும் காபனீரொட்சைட்டு. கோலாவின் கருநிறம், ஈ 150டி, கருக்கிய சீனி. சக்திப் பானங்களில் வரும் டோரின் 1827இல் எருதின் பித்தத்தில் இருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, பெயரும் எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. இன்று பானத்தில் போடும் டோரின் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்வது.

அந்த அம்மாவுக்குத் திரும்ப வருகிறேன். பூச்சியைப் பற்றிச் சொன்னதும் அவர் சீனியை மறந்தே போனார். நான் மறக்க முடியாது. “வேற போத்தல் வாங்கினால் சரிதானே?” என்று கேட்டார். கடையில் நூற்றுக்கு நூறு சைவமான சோடா தாராளமாக இருக்கிறது, அம்மா, உங்கள் சீனி அதிலும் ஏறும் என்றேன்.

2016 ஆகஸ்டில் எங்கள் நாட்டில் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைய என்றால் பச்சை, இடையில் உள்ளது செம்மஞ்சள் என்று விதித்தார்கள். செம்மஞ்சளைக் கண்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 10.5 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 42 கிராம், பத்துத் தேக்கரண்டிக்கு மேல் சீனி. நான் மேசையில் ஒரு வெறும் கிளாஸை வைத்து, அந்த அம்மாவையே அள்ளிப் போடச் சொன்னேன். ஏழாவது கரண்டியில் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உணவில் கூடுதலாகச் சேரும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அது ஆறு கரண்டி.

பனையில் இறக்கும் கருப்பநீர் இயற்கைதானே என்றும் கேட்டார். இயற்கைதான், சுத்த சைவம்தான். ஆனால் சீனி ஏறக்குறைய சோடா அளவுக்கு இருக்கிறது. நீரிழிவுக்காரருக்கு நான் அதைச் சொல்வதில்லை. தேசிக்காய்ப் புளி விட்டு உப்புப் போட்ட தண்ணீர், நன்னாரி அவித்த தண்ணீர், இடைக்கிடை ஓர் இளநீர் என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் கேட்டேன்: காலில் விறைப்பு, ஊசி குத்துகிற மாதிரி ஏதும் இருக்கிறதா? இருக்கிறது, சீனியால்தான் என்று விட்டுவிட்டேன் என்றார். அவர் பல வருடமாக நீரிழிவுக்கு மெற்போமின் என்ற குளிசை எடுப்பவர். அந்தக் குளிசை நாட்பட்டால் விற்றமின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். மச்சம் சாப்பிடாதவருக்குப் பி12 வரும் வழியே பாலும் தயிரும்தான். வீகன் என்றால் அதுவும் இல்லை. ஆகவே சைவமும் மெற்போமினும் சேர்ந்த ஆட்கள் பி12 இரத்தப் பரிசோதனை பற்றித் தங்கள் வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பி12 சேர்த்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சக்திப் பானத்தைக் குடித்துச் சமாளிக்கலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். அதன் சீனியும் கஃபீனும் சேர்ந்தே உள்ளே போகும். குளிசையாகவே எடுக்கலாம், வீகன் ஆட்களுக்கு ஏற்ற குளிசையும் இருக்கிறது.

அம்மாவுக்குப் பி12 குறைவாகத்தான் இருந்தது. வைத்தியர் ஊசி தொடங்கினார். மூன்று மாதத்தால் வந்தபோது காலின் விறைப்புக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரனையும் கூட்டிவந்திருந்தார். வீட்டில் லேபல் வாசிப்பது இப்போது அவன் வேலையாம்.

“மிஸ், இதைப் பாருங்கோ” என்று ஓர் ஒரேஞ் பானப் போத்தலை நீட்டினான். 160ஏ என்ற இடத்தைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தான். “மாவோ மீனோ எண்டு இதில போடேல்லை.”

அன்று பின்னேரமே அந்தக் கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. போத்தல் திறக்காமல் என் மேசையில் இருக்கிறது.