‘கொழுந்து’ ஏன் ‘க’வோடு நின்றுபோகிறது?

இந்த சீசனில் இது மூன்றாவது முறை. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஓர் இடத்தில் ரசீது டெம்ப்ளேட்டைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். கணக்கு எழுதுபவருக்குப் புரியட்டும் என்று, எடையை எடுத்துத் தரும் ஃபங்ஷனின் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தார்கள்: @கொழுந்து(தேதி). நல்ல யோசனை. ஆனால் எடை வர வேண்டிய இடத்தில் ‘ொழுந்து’ என்று தலை போன ஒரு சொல் அச்சாகியிருந்தது. அந்த ரசீதை வாங்கிக்கொண்டு போனவருக்கு அன்று எத்தனை கிலோ போட்டோம் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை.

டெம்ப்ளேட்டைப் படித்துப் பிரிக்கும் நிரல்தான் பார்சர். பெயரில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று அதில் விதி. அதை எழுதியவரைக் கேட்டால், “எழுத்துன்னா எழுத்துதானே சார்?” இல்லை. பள்ளியில் படித்த எழுத்து வேறு, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடு எழுத்து என்று வகைப்படுத்துவது வேறு. கொழுந்து நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு. அதில் க, ழ, ந, த நான்கும்தான் எழுத்து வகை. ஒகரக் குறி, இரண்டு உகரக் குறி, புள்ளி எல்லாம் சேர்குறி வகை. ‘எழுத்து மட்டும்’ என்றால் பார்சர் ‘க’வைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். படம், எடை, அட்டவணை எதுவும் தப்பாது.

உரையில் தேடுவதற்கான குறிமொழியான ரெஜெக்ஸில், சொல்லைப் பிடிக்கும் \w என்ற சுருக்கக்குறியையும் நம்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோட்டோடு சரி. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், ஆனால் அதனுடன் வரும் ரெஜெக்ஸ் சேர்குறிகளை விட்டுவிடும்.

நீங்களாகப் பட்டியல் போடாதீர்கள். பெயரின் தொடக்கத்தில் எது வரலாம், தொடர்ச்சியில் எது வரலாம் என்று யூனிகோடு தரத்தின் 31ஆம் இணைப்பு வகுத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒப்பிடும் முன், இரண்டாகத் தட்டியதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ் எண்களை விலக்குங்கள்: ௧, க இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். முற்றுப்புள்ளி வாக்கியத்தின் கடைசியில் வரும், இடைக்கோடு கழித்தல் ஆகிவிடும், இரண்டும் வேண்டாம்.

அப்புறம், அடைப்புக்குறியைக் கட்டாயமாக்குங்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். @எடைக்கு என்று எழுதினால் பெயர் எங்கே முடிகிறது என்று எந்த பார்சருக்கும் தெரியாது.

தயவுசெய்து, வெளியிடும் முன் ‘கொழுந்து’ என்ற பெயரை இரண்டு வகையிலும் தட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘ஸ்ரீ’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் இரண்டு வடிவம் உண்டு, என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது.