பாதியில் நிறுத்தும் சிப்ரோஃப்ளாக்சசினும் பாக்டீரியாவின் அபாயச் சங்கும்

சிறுநீர்க் கடுப்பு வந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் இரண்டை விழுங்கி, எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவோர் பலர். அந்த இரண்டு மாத்திரை பாக்டீரியாவுக்குள் என்ன செய்கிறது?

டி.என்.ஏ. பிரதியாகும்போது ஏறும் முறுக்கை எடுத்துவிடுவது கைரேஸ் என்ற நொதி. அதற்காக இரண்டு இழைகளையும் வெட்டி, மறுபடி ஒட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வெட்டிய நிலையிலேயே அதைப் பூட்டிவிடுவதால் டி.என்.ஏ. முறிகிறது. மருந்தளவு போதுமானால் பாக்டீரியா சாகும். போதாவிட்டால் அது சங்கு ஊதத் தொடங்கும்.

முறிந்த இடத்தில் வெளிப்படும் ஒற்றை இழைமேல் ரெக்ஏ புரதம் படிகிறது. பழுதுநீக்கும் மரபணுக்களை அதுவரை அடக்கிவைத்திருந்த லெக்ஸ்ஏ என்ற புரதம், அந்த ரெக்ஏவிடம் வந்ததும் தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது. 40க்கும் மேற்பட்ட மரபணுக்கள் விழிக்கின்றன. இந்த அபாயச் சங்குக்கு, ஆபத்தில் உதவி கேட்கும் குறியீடான எஸ்.ஓ.எஸ். என்று பெயர் வைத்தவர் உயிரியலாளர் மிரோஸ்லாவ் ராட்மன்.

எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சேதத்தைப் பிழையின்றி வெட்டியெடுக்கும் புரதங்கள் முதலில் வரும். சல்ஏ புரதம் செல் பிரிவதைத் தடுப்பதால், சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா நூலாக நீளும். மருந்து எடுத்தவரின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்கையில் இப்படி நீண்டவை தெரிந்தால் பூஞ்சை இழை என்று மயங்கிவிடக் கூடாது. பழுது தீராதபோது கடைசியில் வருவது பாலிமரேஸ் 5. சேதமான இழையையும் தாண்டிப் பிரதியெடுக்கும் இந்த நொதிக்குத் தன் பிழையைத் திருத்தத் தெரியாது. அப்படி விழும் பிழைகளில் ஒன்று கைரேஸின் 83ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் மருந்து அங்கே சரியாக ஒட்டாது. லெக்ஸ்ஏ துண்டாக முடியாதபடி மாற்றிய ஈ.கோலையைச் சுண்டெலிகளுக்குத் தொற்றவைத்து 2005இல் சோதித்தார்கள். அதனிடம் சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு உருவாகவில்லை. எதிர்ப்பு உருவாக அந்தச் சங்கு எவ்வளவு உதவுகிறது என்பதை இது காட்டியது.

மாத்திரையை முழுதாக எடுத்தாலும் அளவு குறையலாம். கால்சியம், இரும்பு, அமில முறிவு மருந்துகள் இதைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்க வேண்டும். பாலோடு மட்டும் விழுங்குவதும் கூடாது.

கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கான சிறுநீரை முதல் மாத்திரைக்கு முன்பே, நடுவில் வரும் பகுதியாகப் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராதென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் கிடந்தால் கலந்துபோன கிருமிகள் பெருகி முடிவைக் கெடுக்கும்.

ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குக்கு இந்த மாத்திரையை நீங்களாகத் தொடவே வேண்டாம். ஷிகா நச்சை உருவாக்கும் ஈ.கோலையில் அந்த நச்சின் மரபணு, உறங்கும் வைரஸ் ஒன்றுக்குள் இருக்கிறது. எஸ்.ஓ.எஸ். அந்த வைரஸையும் எழுப்பும். நச்சு கூடும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.