ஓட்ஸ் குக்கீஸ்: வீட்டில் செய்வதில் உண்மையான லாபம் எது?

ஓட்ஸ் சேர்த்ததுதானே, காலை உணவாகவே குக்கீஸ் கொடுத்துவிடலாமா என்று உணவு ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் வீட்டில் குக்கீஸ் செய்யாதீர்கள் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

150 கிராம் ஓட்ஸ், 100 கிராம் மைதா, 115 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, அரை டீஸ்பூன் சமையல் சோடா. இந்த அளவுக்கு 24 குக்கீஸ் வரும் என்று வையுங்கள். ஒன்றில் சுமார் 6 கிராம் ஓட்ஸ்தான் இருக்கும். கூடவே ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஏறக்குறைய 5 கிராம் வெண்ணெயும் உள்ளே போகின்றன.

ஓட்ஸுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. அது குடலில் கூழாகி, செரிமானத்துக்கு உதவும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிவிடும். குறைந்த பித்த அமிலத்தை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது, அதனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது. இந்தப் பலன் கிடைக்க நாளுக்குச் சுமார் 3 கிராம் பீட்டா குளுக்கான் தேவை. அதற்கு ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். குக்கீஸ் கணக்கில் பன்னிரண்டு! அவற்றோடு 50 கிராம் சர்க்கரையும் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அப்படியானால் சிறு குழந்தைக்கு?

ஆகவே ஓட்ஸின் பலன் வேண்டுமென்றால் கஞ்சியாகக் குடியுங்கள். குக்கீஸ் தின்பண்டம்தான், ஒன்றிரண்டு போதும். வீட்டில் செய்வதில் இருக்கும் லாபமே வேறு: சர்க்கரையின் அளவு உங்கள் கையில் இருக்கிறது. 100 கிராமை 70 ஆக்கினாலும் குக்கீஸ் நன்றாகவே வரும். சர்க்கரை குறைந்தால் மாவு அவ்வளவாகப் பரவாது, அதனால் உருண்டைகளைக் கரண்டியால் சற்றுத் தட்டையாக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் ஊற்றுவதால் பெரிய வித்தியாசம் இல்லை, அந்த வழிகாட்டுதலில் தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் வருகிறது. மாவைப் பிசைந்து அரை மணி நேரம் வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மென்மையாகும்.

நான் அதிகம் கவலைப்படுவது பச்சை மாவைப் பற்றி. குழந்தைகள் கிண்ணத்தை வழித்து நக்குவதை அன்போடு விட்டுவிடுகிறோம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். முட்டையே சேர்க்காத மாவும் பாதுகாப்பானதல்ல என்பது தெரிவதில்லை. பாக்கெட்டில் வரும் மாவு பொதுவாகக் கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. அதிலிருந்து ஈ.கோலை தொற்று பரவிய சம்பவங்கள் உண்டு. ருசி பார்ப்பது வெந்த பிறகு இருக்கட்டும், பிசைந்த கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள்.

வேகும் பக்குவமும் முக்கியம். 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் போதும். ஓரம் பொன்னிறமாகி நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், தட்டிலேயே இறுகிக்கொள்ளும். மாவுப்பண்டம் கருக்கக் கருக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் அதிகமாகும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு குக்கீஸில் போடும் பாதாம், முந்திரி போன்ற முழுப் பருப்புகள் தொண்டையில் அடைக்கலாம், பொடித்துச் சேருங்கள். வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருந்தால் குளூட்டன் இல்லாத மாவு மட்டும் போதாது. ஓட்ஸ் பாக்கெட்டிலும் குளூட்டன் இல்லை என்ற குறிப்பு வேண்டும், ஏனென்றால் சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓட்ஸே ஒத்துக்கொள்ளாதவர்களும் சிலர் இருக்கிறார்கள், அதனால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், 24 குக்கீஸையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. டப்பா நிறைய இருந்தால் கை போய்க்கொண்டேதான் இருக்கும். மாவை உருண்டை பிடித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், வீட்டில் நான்கு பேர் என்றால் அன்றைக்கு நாலோ எட்டோ மட்டும் எடுத்துச் சுடலாம். உறைந்த உருண்டைக்கு ஓரிரு நிமிடம் கூடுதலாக வையுங்கள்.